மண்ணெண்ணெய் பாய்லரும் விறகு ஸ்டவ்வும் ஒரே வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்கு வேலைக்கு வந்து, சில வருடம் நகரத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு விலை கட்டுப்படியாகும் இடம் தேடிக் கிராமப்புறத்தில் பழைய தனி வீடு வாங்கும் நம் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. சாவி கைக்கு வந்த பிறகுதான் வீட்டின் சூடேற்றும் ஏற்பாட்டை நிதானமாகப் பார்ப்போம். பின்பக்கம் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதன் அருகில் ஒரு பாய்லர், கூடத்தில் கனமான இரும்பு ஸ்டவ், மாடியில் 'ஹாட் பிரஸ்' என்று இங்கே சொல்லும் அலமாரிக்குள் செம்பினாலான வெந்நீர்த் தொட்டி, அதைச் சுற்றி எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியாத குழாய்கள். பழைய உரிமையாளரைக் கேட்டால், "எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்பார். அவருக்கு அது ஓடும் விதம் பழகிவிட்டது. நமக்கு இனிமேல்தான்.

இரண்டையும் இணைப்பது என்றால் என்ன?

ஸ்டவ்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எரியும் அறையை மட்டும் சூடாக்கும் சாதா ஸ்டவ். இன்னொன்று, உள்ளே தண்ணீர் ஓடும் உறை வைத்தது. இங்கே அதை பேக் பாய்லர் ஸ்டவ் என்பார்கள். விறகோ கரியோ எரியும்போது அந்த உறையில் உள்ள தண்ணீர் சூடாகி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குளிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் போகிறது. அதே ரேடியேட்டர்களையும் அதே தொட்டியையும்தான் மண்ணெண்ணெய் பாய்லரும் சூடாக்குகிறது. ஆக, ஒரே குழாய் வலைக்கு இரண்டு நெருப்பு. எது வேலை செய்தாலும் வீடு சூடாக வேண்டும், ஒன்று இன்னொன்றைக் கெடுக்கக் கூடாது. இணைப்பு என்பது இவ்வளவுதான், ஆனால் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது.

இந்த ஏற்பாடு இங்கே ஏன் இவ்வளவு சகஜம்?

எரிவாயுக் குழாய் நகரங்களைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் வீடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெயைத்தான் முக்கியச் சூடேற்றும் வழியாகச் சொல்லியிருந்தன. வடக்கு அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள். அதோடு, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கும் டர்ஃப் என்ற மட்கிய மண்கட்டியை எரிக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எண்ணெய் வந்த பிறகும் யாரும் அடுப்பைப் பிடுங்கிப் போடவில்லை. இரண்டையும் ஒரே குழாயில் கோத்துவிட்டார்கள்.

சும்மா ஒரு குழாயில் இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகிவிடும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எண்ணெய் பாய்லரை அணைக்க முடியும். தண்ணீர் போதுமான சூட்டுக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் சொல்கிறது, பர்னர் நிற்கிறது. பிறகு உள்ளே தங்கியிருக்கும் சூடு கொஞ்சம்தான். ஸ்டவ்வுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. 5 கிலோ விறகைப் போட்டுவிட்டால் அது எரிந்துதான் தீரும். காற்றுத் துவாரத்தை மூடினால் தீ அடங்கும், ஆனால் உடனே அணையாது. அந்த நேரத்தில் வீட்டுக்குச் சூடு வேண்டாம் என்றாலும், பம்ப் நின்றுபோனாலும், ரேடியேட்டர் வால்வுகள் எல்லாம் மூடியிருந்தாலும், சூடு தண்ணீருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே அந்தச் சூடு போக எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமலும், யாரும் எந்த வால்வையும் திருகாமலும் அது நடக்க வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்து நீராவியாகும். நீராவிக்கும் வழி இல்லாவிட்டால், வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் கதைதான்.

நல்ல இணைப்பில் இதற்கு மூன்று ஏற்பாடு இருக்கும். முதலாவது, மேல்தளத்துக்கு மேலே பரணில் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் வளைந்து திறந்திருக்கும் ஒரு குழாயும். ஸ்டவ்விலிருந்து அந்தத் திறந்த குழாய் வரைக்கும், தொட்டியிலிருந்து ஸ்டவ்வுக்குத் தண்ணீர் இறங்கும் குழாயிலும், வழியில் ஒரு வால்வும் இருக்கக் கூடாது. இரண்டாவது, ஸ்டவ்வுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவே பம்ப் இல்லாமலே தண்ணீர் சுற்றும் 28 மில்லிமீட்டர் குழாய்கள். சூடான தண்ணீர் இலேசானது, மேலே போகும். ஆறியது கனம், கீழே இறங்கும். அதற்கு, போகும் குழாய் வழி நெடுக மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் இறங்கி ஏறினால் அங்கே காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும். மூன்றாவது, அதே பாதையில் மூடவே முடியாத ஒரு ரேடியேட்டர். பெரும்பாலும் குளியலறையில் இருக்கும். "இந்த ரேடியேட்டரைத் திருகி மூட முடியவில்லையே, கெட்டுவிட்டதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கெடவில்லை. அதற்கு மூடும் வால்வு போடாதது வேண்டுமென்றேதான். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

எந்தெந்த விதத்தில் இணைக்கிறார்கள்?

பழைய வீடுகளில் அதிகம் காண்பது, இரண்டும் ஒரே தண்ணீரைப் பகிரும் திறந்த அமைப்பு. ஸ்டவ், எண்ணெய் பாய்லர், ரேடியேட்டர்கள் எல்லாம் பரணில் உள்ள அந்த ஒரே தொட்டியின் கீழ். ஒவ்வொன்றுக்கும் தனிப் பம்ப், தண்ணீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்க ஒருவழி வால்வு. செலவு குறைவு, பொருள் குறைவு. சரியாகப் போட்டால் பல வருடம் ஓடும். "சரியாக" என்பதில்தான் பிளம்பருக்குப் பிளம்பர் வித்தியாசம். இதிலேயே இன்னொரு வழி, எல்லாக் குழாயும் வந்து சேரும் ஒரு சிறிய கலப்புத் தொட்டியை நடுவில் வைப்பது. ஒரு பம்ப் இன்னொரு பம்பின் ஓட்டத்தைத் தள்ளிக் குழப்பாது. இதற்கென்றே குழாய் இணைப்புகளோடு தயாராகச் செய்த பலகைகளும் கடையில் கிடைக்கின்றன.

இரண்டாவது, இரட்டைச் சுருள் வெந்நீர்த் தொட்டி. உள்ளே இரண்டு குழாய்ச் சுருள்: கீழ்ச் சுருள் ஒன்றுக்கு, மேல் சுருள் மற்றொன்றுக்கு. இரண்டு தண்ணீரும் கலப்பதே இல்லை. ஸ்டவ் குளிக்க வெந்நீர் தந்தால் போதும், ரேடியேட்டர் எல்லாம் எண்ணெயில் என்றால் இதுவே போதும், குழப்பமே இல்லை.

மூன்றாவது, புதிய எண்ணெய் பாய்லர் இருக்கும் வீடுகளுக்கு. இப்போது வரும் பாய்லர்களைப் பெரும்பாலும் பரண் தொட்டி இல்லாமல், சுமார் 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் மூடிய அமைப்பாகத்தான் போடுகிறார்கள். சாதா ஸ்டவ் பாய்லரை அதில் நேரடியாகக் கோர்ப்பது ஆபத்து. ஆகவே ஸ்டவ்வுக்குத் தனியாக ஒரு சிறிய திறந்த சுற்று, நடுவில் ஒரு தகட்டு வெப்பமாற்றி. தகடுகளின் ஒரு பக்கம் ஸ்டவ் தண்ணீர், மறுபக்கம் வீட்டுத் தண்ணீர். சூடு மட்டும் கடந்து போகும். ஒன்றை மறக்கக் கூடாது. தகட்டு வெப்பமாற்றி பம்ப் ஓடினால்தான் வேலை செய்யும். எனவே ஸ்டவ் பக்கத்தில் மேலே சொன்ன பம்ப் இல்லாத பாதை தனியாக வேண்டும்.

நாலாவது, பல நூறு லிட்டர் கொள்ளும் சேமிப்புத் தொட்டி. ஸ்டவ் அதில் சூட்டைக் கொட்டுகிறது, வீடு தனக்கு வேண்டியபோது எடுத்துக்கொள்கிறது. பொறியியலாகப் பார்த்தால் இதுதான் அழகு: மூன்று மணி நேரம் நன்றாக எரித்துவிட்டு ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை உபயோகிக்கலாம். பின்னால் சூரியத் தகடும் சேர்க்கலாம். ஆனால் இடமும் பணமும் வேண்டும். ஏற்கெனவே கட்டிய வீட்டில் அவ்வளவு பெரிய தொட்டிக்கு அலமாரி கிடைப்பதே கஷ்டம்.

ஸ்டவ் எரியும்போது எண்ணெய் பாய்லர் தானாக நின்றுவிடுமா?

நிற்கும்படி செய்ய வேண்டும். தானாக எதுவும் நடக்காது. ஸ்டவ்விலிருந்து வெளியேறும் குழாயில் ஒரு குழாய் தெர்மோஸ்டாட் மாட்டுவார்கள். தண்ணீர் 50, 60 டிகிரிக்கு வந்ததும் அது ஸ்டவ் பம்பை ஓட்டுகிறது. அதே சைகையைக் கொண்டு எண்ணெய் பாய்லரை நிறுத்தவும் செய்யலாம்.

ஆனால் முழுவதும் நிறுத்துவது எல்லா வீட்டுக்கும் சரிவராது. பத்து ரேடியேட்டர் இருக்கிற வீட்டில், ஸ்டவ் ஆறு ரேடியேட்டருக்குத்தான் தாங்கும் என்றால், எண்ணெயை நிறுத்திவிட்டால் மாடி குளிரும். மாடி, கீழ்த்தளம், வெந்நீர் என்று மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகளால் மூன்று பகுதியாகப் பிரித்து, ஸ்டவ்வுக்குக் கீழ்த்தளமும் வெந்நீரும், எண்ணெய்க்கு மாடி என்று பங்கு போட்டுக்கொள்வது நடைமுறையில் நன்றாக இருக்கிறது. இந்த மின்வால்வுகளில் எதுவும் ஸ்டவ்வின் பம்ப் இல்லாத பாதையில் வரக் கூடாது என்பது மட்டும் மாறாத விதி.

ஸ்டவ் எரியவே இல்லை. எண்ணெய் பாய்லர் ஓடும்போது ஸ்டவ்வைத் தொட்டால் சுடுகிறது. ஏன்?

ஒருவழி வால்வு இல்லை, அல்லது அழுக்கு மாட்டித் திறந்தபடியே நிற்கிறது. எண்ணெய் கொடுத்த சூடான தண்ணீர் ஸ்டவ்வுக்குள் போய்ப் புகைபோக்கி வழியாக வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. நேர்மாறாகவும் நடக்கும்: ஸ்டவ் சூடு பின்பக்க பாய்லருக்குள் போய் அதன் புகைக்குழாயில் வீணாகும். இரண்டுமே அமைதியாகப் பணத்தைத் தின்னும் கோளாறு. குளிர்காலத்தில் ஒரு நாள் எண்ணெயை மட்டும் ஓட்டிவிட்டு ஸ்டவ்வின் குழாய்களைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பம்ப் உடனே ஓடாமல் 50 டிகிரி வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? சீக்கிரம் ஓடினால் சீக்கிரம் வீடு சூடாகுமே?

ஆகாது. ரேடியேட்டர்களில் உள்ள ஜில்லென்ற தண்ணீர் திரும்பி ஸ்டவ் உறைக்குள் வந்தால், தீயின் பக்கம் இருக்கும் இரும்புச் சுவர் குளிர்ந்துவிடும். புகையில் உள்ள ஈரமும் தாரும் அதில் வேர்த்து ஒட்டும். தீ மங்கும், கண்ணாடி கறுக்கும், உறை துருப்பிடிக்கும், புகைபோக்கியில் தார் படிந்து ஒரு நாள் அதுவே தீப்பற்றும். திரும்பி வரும் தண்ணீர் 55, 60 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் கலப்பு வால்வு ஒன்றைப் போட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஸ்டவ் விலையோடு பார்த்தால் அது பெரிய தொகை இல்லை. அதை விட்டுவிட்டு விலைப்பட்டியல் தரும் பிளம்பரிடம் ஏன் என்று கேளுங்கள்.

மின்சாரம் போனால்?

நம்மில் பலர் ஸ்டவ் வேண்டும் என்று முடிவெடுப்பதே இதற்காகத்தான். 2025 ஜனவரி 24 அன்று எயோவின் புயல் வந்தபோது அயர்லாந்தில் 7 லட்சத்து 68 ஆயிரம் வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. கால்வே கடற்கரையில் மேஸ் ஹெட் என்ற இடத்தில் காற்று மணிக்கு 184 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. மேற்குப் பகுதியில் சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு வாரம் ஆகிவிட்டது. தொட்டி நிறைய மண்ணெண்ணெய் இருந்தும் பர்னருக்கும் பம்புக்கும் மின்சாரம் இல்லாமல் பாய்லர் சும்மா நின்றது.

சாதா ஸ்டவ் இருந்தால் கவலை இல்லை. அறை சூடாகும், மேலே ஒரு பாத்திரம் வைத்து ரசமே காய்ச்சலாம். பேக் பாய்லர் ஸ்டவ் என்றால் முதலில் ஒரு கேள்வி: பம்ப் இல்லாத பாதை உங்கள் வீட்டில் உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால், சின்னதாக எரித்துக்கொண்டு சமாளிக்கலாம். வெந்நீர்த் தொட்டியும் அந்த மூட முடியாத ரேடியேட்டரும் சூட்டை வாங்கிக்கொள்ளும். இல்லை என்றாலோ, சரியாகத் தெரியவில்லை என்றாலோ, மின்தடையில் ஸ்டவ்வைப் பற்றவைக்கக் கூடாது. எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் காற்றுத் துவாரங்களை மூடி, புதிதாக விறகு போடாமல் அடங்க விடுங்கள். தீயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடும், நீராவி முகத்தில் அடிக்கும்.

ஊரில் இன்வெர்ட்டர் வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு யோசனை தோன்றும், அது சரியான யோசனைதான். பம்புக்குத் தேவை பல்பு அளவு மின்சாரம். ஒரு சிறிய பேட்டரி இன்வெர்ட்டர் அதைப் பல மணி நேரம் ஓட்டும். ஆனால் அது கூடுதல் வசதி. அதை நம்பி, பம்ப் இல்லாத பாதையை வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. இணைப்பையும் மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது (மின்சார பில்லில் வரும் அதே யூனிட்). நல்ல பாய்லர் அதில் 9 யூனிட்டை வீட்டுக்குத் தரும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் 4 யூனிட். ஸ்டவ் 75 சதவீதம் தந்தால் 3 யூனிட். ஆக 3 கிலோ காய்ந்த விறகு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்குச் சமம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வருடத்திலும், எந்த விலையிலும் கணக்குப் போடலாம். 3 கிலோ விறகின் விலை ஒரு லிட்டர் மண்ணெண்ணெயின் விலையைத் தாண்டினால், நீங்கள் கஷ்டப்பட்டு நஷ்டப்படுகிறீர்கள்.

பெட்ரோல் பங்கில் வலைப்பையில் விற்கும் விறகை வாங்கி வீட்டையே சூடாக்க நினைத்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் தோற்கும். மொத்தமாக வாங்கி, வெட்டி, அடுக்கி, இரண்டு கோடை காயவைப்பவருக்கு ஜெயிக்கலாம். சொந்தத் தோப்போ, மரம் வெட்டும் நண்பரோ இருந்தால் நிச்சயம் ஜெயிக்கும்.

உழைப்பையும் சேருங்கள். வருடத்துக்கு 20,000 யூனிட் வேண்டிய வீட்டில் மூன்றில் ஒரு பங்கை விறகுக்கு மாற்றினால் சுமார் 740 லிட்டர் எண்ணெய் மிச்சம். அதற்குப் பதிலாக ஏறத்தாழ 2.2 டன் விறகு தூக்க வேண்டும். சாம்பல் வேறு. பேக் பாய்லரை இணைக்கும் செலவு, வெந்நீர்த் தொட்டி மாற்றும் செலவு, புகைபோக்கிக்கு உள்குழாய் இறக்கும் செலவு எல்லாம் திரும்பக் கிடைக்கப் பல வருடம் ஆகும். எண்ணெய் விலை ஏறிய வருடத்தில் கோபத்தோடு எடுக்கும் முடிவாக இது இருக்கக் கூடாது. அதே பணத்தைப் பரணில் வெப்பக் காப்பு (இன்சுலேஷன்) போடுவதற்கும், காற்று நுழையும் சந்துகளை அடைப்பதற்கும் முதலில் செலவழித்தால், இரண்டு எரிபொருளுமே குறையும்.

எவ்வளவு பெரிய ஸ்டவ் வாங்க வேண்டும்?

விளம்பரத்தில் "15 கிலோவாட், பத்து ரேடியேட்டர் வரை" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதில் 10 தண்ணீருக்கு, 5 அறைக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 கிலோவாட் கிடைக்க மணிக்குச் சுமார் 5 கிலோ விறகு போட வேண்டும். அதாவது அடிக்கடி எழுந்துபோய்க் கட்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். அறைக்கு வரும் வெப்பம் அதிகமானால் கூடத்தில் உட்கார முடியாது, ஜன்னலைத் திறப்பீர்கள். பழைய கைக்கணக்கு, ஓரளவு காப்பு உள்ள அறையில் 14 கன மீட்டருக்கு 1 கிலோவாட். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள அறைக்கு மூன்றரையே போதும். பெரிய ஸ்டவ்வை வாங்கி மங்கலாக எரிப்பதுதான் மோசமான வழி: புகை, தார், கறுத்த கண்ணாடி. கொஞ்சம் சின்னதாக வாங்கித் தெளிவாக எரியுங்கள், மீதியை எண்ணெய் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு இருப்பதே அதற்குத்தானே.

இத்தனை சிக்கல் இருந்தால், தண்ணீர் உறை இல்லாத சாதா ஸ்டவ்வே போதாதா?

பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பதுதான் என் கருத்து. கூடத்தில் 5 கிலோவாட் சாதா ஸ்டவ், மற்ற அறைகளுக்கு எண்ணெய். குழாய் வேலை கிடையாது, கொதிக்கும் பயம் கிடையாது, மின்தடையிலும் எரியும். தண்ணீர் உறை தீயைக் குளிர்விக்காததால் தெளிவாகவும் எரியும். மாலை முழுக்கக் குடும்பம் இருக்கும் ஒரு அறையை ஸ்டவ் பார்த்துக்கொண்டால், எண்ணெய் பாய்லரின் நேரத்தைத் தாராளமாகக் குறைக்கலாம்.

இதில் ஒரே ஒரு பொறி. எண்ணெய் பாய்லரின் தெர்மோஸ்டாட் அந்தக் கூடத்திலேயே மாட்டியிருந்தால், ஸ்டவ் சூட்டில் அது "வீடு சூடாகிவிட்டது" என்று நினைத்துப் பாய்லரை நிறுத்திவிடும். படுக்கையறையில் பிள்ளைகள் விறைப்பார்கள். தெர்மோஸ்டாட்டை நடைபாதைக்கு மாற்றுங்கள், அல்லது கூடத்தைத் தனிப் பகுதியாகப் பிரியுங்கள்.

என்ன எரிக்கலாம்?

டப்ளினில் புகைக்கரி, அதாவது அதிகம் புகையும் நிலக்கரி, விற்பனை 1990-லேயே தடையாயிற்று. 2022 அக்டோபர் 31 முதல் அயர்லாந்துக் குடியரசு முழுவதற்கும் விதிகள் வந்தன. புகைக்கரி விற்கக் கூடாது. 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய வரம்பு. பிறகு அதை 20 ஆக்கவும் அதே விதிகளில் இடம் வைத்தார்கள். டர்ஃபைக் கடையிலோ இணையத்திலோ விற்க முடியாது. வெட்டும் உரிமை உள்ளவர்கள் தங்களுக்காக வெட்டிக்கொள்ளலாம்.

ஈரப்பதம் பார்க்கும் சிறு கருவி விலை அதிகமில்லை. கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் பொய் சொல்லும். விறகுக்கு மட்டும் என்று செய்த ஸ்டவ்வில் கரி போடக் கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பழைய மேசை நாற்காலி, பால் வரும் அட்டைப் பெட்டி எதையும் போட வேண்டாம்.

முன்பிருந்தவர் திறந்த கணப்புக்குப் பின்னால் ஒரு பேக் பாய்லரை விட்டுப் போயிருக்கிறார். உபயோகிக்கப் போவதில்லை. குழாயை வெட்டி மூடிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். வெட்டி இரு பக்கமும் மூடிய பாய்லரில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்து, பிறகு யாராவது அந்தக் கணப்பில் தீ மூட்டினால் அது வெடிக்கும். பிரிட்டனில் இப்படி உயிர்ப்பலி நடந்து, உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் அரசு அமைப்பு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. பாய்லரை எடுத்தே விட வேண்டும். உடனே முடியாது என்றால், தண்ணீரை வடித்து, அழுத்தம் சேராதபடி பிளம்பரைக் கொண்டு துளையிட்டுத் திறந்து வைக்க வேண்டும். அதுவரை அங்கே தீ கிடையாது.

கடுங்குளிரில் இன்னொரு ஆபத்து. 2010 கிறிஸ்துமஸ் அன்று மேயோ மாவட்டத்தில் மைனஸ் 17.5 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில், வெளியூர் போய் வந்து ஆளில்லாமல் கிடந்த வீட்டில் நேராக ஸ்டவ்வைப் பற்றவைக்கக் கூடாது. பரண் தொட்டியோ திறந்த குழாயோ உறைந்திருந்தால் சூட்டுக்கு வழி அடைந்திருக்கும். முதலில் மேலே ஏறிப் பாருங்கள்.

புகை, விஷவாயு?

ஸ்டவ் உள்ள அறையில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றுத் துவாரம் வேண்டும். குளிர்கிறது என்று அதில் துணி அடைப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. 2014 முதல் இங்கே புதிதாக ஸ்டவ் பொருத்தினால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். பழைய ஸ்டவ்வாக இருந்தாலும் மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைபோக்கியை வருடம் ஒருமுறையாவது சுத்தம் செய்யுங்கள். விறகு அதிகம் எரிப்பவர்கள் இரண்டு முறை. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே. ஆறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு நாள் கணக்கில் இருக்கும்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்தத் திட்டத்தையே மறுபடி யோசியுங்கள். அயர்லாந்தின் காற்றில் உள்ள நுண்துகள் மாசுக்கு வீடுகளில் எரிக்கும் திட எரிபொருளே முக்கியக் காரணம் என்று இங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இதெல்லாம் விட்டு, வெளியில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்புக்குப் போய்விடலாமா?

காப்பு நன்றாக உள்ள வீடு என்றால், போகலாம். அரசு மானியமும் அதற்குத்தான் கிடைக்கிறது, ஸ்டவ்வுக்கு இல்லை. காற்று புகும் பழைய கல் வீடு என்றால் முதலில் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை எண்ணெயும் ஒரு சாதா ஸ்டவ்வும் இருக்கட்டும்.

யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது?

எண்ணெய் பாய்லருக்கு, அந்த வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் ஆஃப்டெக் அமைப்பில் பதிவு உள்ளவர். ஸ்டவ் இணைப்புக்கு, இதே வேலையைச் செய்து இப்போதும் நன்றாக ஓடும் ஒரு வீட்டைக் காட்டக்கூடியவர். அவரிடம் நான்கு கேள்வி போதும். பம்ப் நின்றால் ஸ்டவ்வின் சூடு எங்கே போகும்? மூட முடியாத ரேடியேட்டர் எது? ஒருவழி வால்வுகள் எங்கெங்கே? திரும்பும் தண்ணீர் சூடாக இருக்க என்ன ஏற்பாடு? முதல் கேள்விக்குத் தயங்கினால் அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் குழாய்ப் படம் ஒன்று வரைந்து தரச் சொல்லுங்கள். எந்தக் குழாய் ஸ்டவ்வுக்கு, எது பாய்லருக்கு, எந்த வால்வைத் தொடக் கூடாது என்று குறித்து, அதை ஹாட் பிரஸ் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஸ்டவ் பொருத்தியதைத் தெரிவியுங்கள்; பொருத்தியவரின் கையெழுத்திட்ட சான்றிதழைக் கேட்பார்கள், அதைப் பணம் கொடுக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.